குறத்தியும் நொண்டியும் தேவாலயத்துக்குள் வந்த வழி

பெங்களூரு மில்லர்ஸ் ரோட்டில் இருக்கிறது யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ். 1910 இல் தொடங்கிய இறையியல் கல்லூரி. அதன் ஆவணக் காப்பகத்தில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் தமிழ்க் கையெழுத்துப் படிகள் இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தேவாலயத்துக்காகவே பாட்டுக் கட்டி, அதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்தவர். பெயர் வேதநாயக சாஸ்திரியார். பெயரைக் கேட்டதும் பாதிப் பேர், "பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர்தானே?" என்பார்கள். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அரை நூற்றாண்டு பின்னால் பிறந்தவர். இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் கீர்த்தனை எழுதியவர்கள். பிள்ளையின் கீர்த்தனைகளுக்குக் கச்சேரி மேடையில் இடம் கிடைத்தது. சாஸ்திரியாருடைய பாட்டுகள் தேவாலயச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டன.

கவனிப்பாரற்ற இசைக்காரர்களைத் தூக்கிவிடுவதில் இந்த மாநிலத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார், லண்டனில் முடங்கிக் கிடந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னருக்காகக் காசு கொடுத்து இசைத்தட்டுகள் வெளிவரச் செய்தார். இது 1940களின் கடைசியில் நடந்தது. மெட்னர் தமது மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். சாஸ்திரியாருக்கு அப்படி ஒரு மகாராஜா இன்னும் வரவில்லை. படிகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

சாஸ்திரியார் பிறந்தது 1774 இல், நெல்லைச் சீமையில். தகப்பனார் தேவசகாயம், சைவ வேளாளக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர். 1785 வாக்கில் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்சு பாளையங்கோட்டைக்கு வந்தபோது பையனின் சூட்டிகையைப் பார்த்துத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். அதே சுவார்ட்சின் பொறுப்பில்தான் பின்னால் அரசரான இரண்டாம் சரபோஜியும் வளர்ந்தார். ஒருவர் சரசுவதி மகாலை வளர்த்தார். இன்னொருவர் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைக் கட்டினார். இருவருக்கும் ஆசான் ஒருவர்தான்.

தஞ்சாவூருக்குப் பிறகு தரங்கம்பாடி. அங்கே ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த மிஷனரிகளிடம் படிப்பு. அவர்களில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜான் பாதிரியார் வேதம் கற்பித்த நேரம் போக மீதி நேரத்தில் கடற்கரையில் மீன் சேகரித்து, பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்கு அனுப்பிவைப்பார். பிளாக் அதற்கு நன்றியாக ஒரு மீன் இனத்துக்கே ஜானியஸ் என்று பெயர் வைத்தார். நம் மீன் சந்தையில் கத்தாழை என்று விற்பது அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். தண்ணீருக்குள் குரல் எழுப்பும் மீன் அது. இப்படிப்பட்ட வாத்தியாரிடம் படித்த பையன் பின்னால் பக்திப் பாட்டு எழுதும்போது, அதற்குள் பூகோளமும் வானியலும் வந்து உட்கார்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பத்தொன்பது இருபது வயதிலேயே தஞ்சாவூர்ப் பள்ளியில் தலைமையாசிரியர். 1798 இல் சுவார்ட்சு இறந்தார். அதே ஆண்டு சரபோஜி அரியணை ஏறினார். 1800 இல் சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி'யை எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பக்கத்துத் திருவையாற்றில் தியாகராஜர் முப்பதுகளில் இருக்கிறார். சியாமா சாஸ்திரி தஞ்சாவூரிலேயே இருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் கிட்டத்தட்ட இவர் வயதுக்காரர். ஒரே காவிரித் தண்ணீர், ஒரே காலம், பல ராகங்களும் பொதுச் சொத்து. சங்கீத சரித்திரப் புத்தகங்களில் அந்த மூவருக்கும் தனித்தனி அதிகாரம் இருக்கும். சாஸ்திரியாருக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம். இவ்வளவுக்கும் மூவருக்கும் பின்னால் வெகுகாலம் உயிரோடிருந்து, 1864 இல் எண்பத்தொன்பதாம் வயதில்தான் கண்ணை மூடினார்.

(இதே புத்தகங்கள், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுக்கு வயலின் கற்றுக்கொடுத்தவர் சுவார்ட்சு பாதிரியார் என்று தயங்காமல் எழுதும். வடிவேல் பிறந்தது 1810 இல். சுவார்ட்சு போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகியிருந்தது.)

இனி பாட்டுக்கு வருவோம். சாஸ்திரியாரின் நூல் வரிசையைப் பார்த்தாலே அவர் மனப்போக்கு பிடிபடும்: ஞானக் கும்மி, சாஸ்திரக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞான உலா, ஞானநொண்டி நாடகம், நோவா பேழை கட்டிய கதையைச் சொல்லும் ஞானத்தச்ச நாடகம். முன்னால் ஒரு ஞானம் நிற்கிறது. பின்னால் நிற்பதெல்லாம் களத்துமேடும் கிணற்றடியும் தெருக்கூத்தும். படித்தவர்கள் மதிக்கும் காப்பிய வடிவம் இவருக்கு எட்டாதது அல்ல. ஆனாலும் ஊர் வாய்க்குப் பழகிய மெட்டுகளைத்தான் மறுபடி மறுபடி தேடிப் போனார்.

தேவாலய இசைக்கு இது புதிதும் அல்ல. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் 'லோம் ஆர்மே' என்றொரு பிரெஞ்சுத் தெருப்பாட்டு இருந்தது. ஆயுதம் தரித்த வீரனைப் பற்றியது. தூஃபாய், ஜோஸ்கான், பாலஸ்திரீனா என்று பெரிய பெரிய இசையமைப்பாளர்களெல்லாம் அந்த மெட்டை அடியில் வைத்துப் பூசைப் பாடல்களைக் கட்டினார்கள். நடுக்குரல் ஒன்று அந்தத் தெருமெட்டை நீட்டி நீட்டிப் பாட, மேலும் கீழுமாக மற்றக் குரல்கள் லத்தீன் செபத்தைப் பின்னிக்கொண்டு போகும். கேட்பவருக்கு மெட்டு ஒளிந்திருப்பது தெரியும். எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில் ஒரு சுகம். சாஸ்திரியார் அந்தப் பாடல்களைக் கேட்டாரா என்பது இங்கே முக்கியமில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு ஊரில் ஒரே மாதிரி விடை கண்டிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: அவர்கள் மெட்டை ஒளித்தார்கள், இவர் வடிவத்தை முன்னால் நிறுத்திவிட்டுப் பொருளை மாற்றினார். இதில் துணிச்சல் அதிகம், சறுக்கும் இடமும் அதிகம்.

நொண்டி நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகையின் கதை எப்போதும் ஒன்றுதான். ஒருவன் தாசி வீட்டில் பணத்தைத் தொலைத்து, திருடப் போய், பிடிபட்டுக் கால் வெட்டப்படுகிறான். பிறகு தெய்வத்தை அண்டி, இழந்த காலைத் திரும்பப் பெறுகிறான். இதை அவனே மேடைக்கு ஒற்றைக்காலில் வந்து, தன் வாயாலேயே சொல்ல வேண்டும். திருச்செந்தூர் முருகன் பேரிலும் நொண்டி நாடகம் உண்டு. சீதக்காதி நொண்டி நாடகத்தில் அவனுக்குக் கால் கிடைப்பது மக்காவில். சாஸ்திரியாரின் கூர்மை இங்கேதான். தமிழ்நாட்டின் அத்தனை கூத்து வடிவங்களிலும் பாவ அறிக்கை, தண்டனை, மனந்திரும்புதல், சுகம் என்ற நான்கும் ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்திருக்கும் வடிவம் இது ஒன்றுதான். பிரசங்கியார் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை நொண்டி தன் ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வந்து முதல் நிமிஷத்திலேயே காட்டிவிடுகிறான். முன்னால் 'ஞான' என்று சேர்த்தது ஒன்றுதான் சாஸ்திரியார் வெளியே காட்டிக்கொண்ட மாற்றம். மற்றதை வடிவமே பார்த்துக்கொள்கிறது. எந்தச் சட்டை யாருக்குப் பொருந்தும் என்று பார்வையிலேயே அளந்துவிடும் தையற்காரரைப் போல, தைப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

குறவஞ்சி அவ்வளவு சுலபமாக மடங்கிக் கொடுக்காது. அதன் சரக்கு காதல். தலைவன் உலா வருகிறான், தலைவி மயங்குகிறாள், நிலவைப் பழிக்கிறாள், குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் கை பார்க்கிறாள், கூழும் சோறும் வெற்றிலையும் கேட்கிறாள், நல்ல குறி சொல்லிப் பரிசு வாங்குகிறாள். பிறகு பறவை பிடிக்க வந்த சிங்கன் வலையைக் கையில் வைத்துக்கொண்டே மனைவி சிங்கியைத் தேடி அலைகிறான். திருக்குற்றாலக் குறவஞ்சி இவர் பிறந்த நெல்லைச் சீமையின் சொத்து. அதன் சந்தம் காதில் ஏறாமல் ஒரு நெல்லைப் பையன் வளர்ந்திருக்க முடியாது.

பெத்லகேம் குறவஞ்சியில் தலைவன் கிறிஸ்து. தலைவி சீயோன் மகளான தேவமோகினி. வேதாகமத்திலேயே காதலைப் பாடும் உன்னதப்பாட்டு இருப்பதால் இதுவரை சிரமமில்லை. குறத்தியை என்ன செய்வது? குறி கேட்பது கிறிஸ்தவர்களுக்கு விலக்கு. வேறொருவர் என்றால் அந்தப் பாத்திரத்தையே வெட்டியிருப்பார், குறவஞ்சி செத்திருக்கும். சாஸ்திரியார் அவளுக்கு ஞானசிங்கி என்று பெயர் வைத்து, விசுவாசத்தின் உருவமாக்கிவிட்டார். காணாததைக் கண்டதுபோல் உறுதியாகச் சொல்பவள் குறத்தி. காணாதவற்றைப் பற்றிய உறுதிதான் விசுவாசம் என்று பவுலின் பேரால் வழங்கும் நிருபம் சொல்கிறது. இரண்டும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் பார்க்கும்போது, இந்த வடிவமே இதற்காகத்தான் காத்திருந்ததோ என்று தோன்றும்.

இன்னும் ஒரு நயம். சிங்கன் இங்கே பிரசங்கி. அவன் கையில் இருக்கும் வலை வேதம், பறவைகள் ஆன்மாக்கள். குறவஞ்சி மரபுப்படி அவன் தொழிலை நடுவில் விட்டுவிட்டுச் சிங்கியைத் தேட வேண்டும். அதாவது வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே விசுவாசத்தைக் காணோமே என்று பிரசங்கி அலைகிறான்! இது சாஸ்திரியார் வேண்டுமென்றே வைத்த குத்தலா, மரபு தானாகக் கொண்டுவந்து சேர்த்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு அது குத்தலாகவே படுகிறது. வாழ்நாள் முழுக்க மிஷனரிகளோடு பழகியவருக்கு அந்தக் குறும்பு இல்லாமலா இருக்கும்.

வானத்துக்கும் இந்த நூலில் வேறு வேலை. மற்றக் குறவஞ்சிகளில் நிலா, தலைவியிடம் வசவு வாங்குவதற்கென்றே உதிக்கும். இங்கே சூரியனை நடுவில் நிறுத்திக் கோள்கள் சுற்றும் கொப்பர்னிக்கஸின் வானியல் பாட்டாக வருகிறது. உலகப் பூகோளமும் வருகிறது. கொப்பர்னிக்கஸின் புத்தகம் அச்சானது 1543 இல். அந்த மறுமலர்ச்சிக் காலத்துக் கணக்கு 1800 இல் தஞ்சாவூரில் ஜதியோடு காலடி எடுத்து வைக்கிறது. பாட்டுக்குள் பாடத்தைத் திணித்தால் பாட்டு பெரும்பாலும் மூச்சுமுட்டும். சில இடங்களில் பெயர்ப் பட்டியல் நீண்டு, எனக்கும் பொறுமை தளர்ந்ததுண்டு. ஆனால் குறவஞ்சி என்பதே மலைப்பெயரும் நதிப்பெயரும் பறவைப்பெயரும் அடுக்கிக்கொண்டு போகும் வடிவம். பட்டியலைப் பாட்டாக்கும் வசதி அதில் பிறவியிலேயே இருக்கிறது. அந்த வசதியைக் கண்டுகொண்டதுதான் கெட்டிக்காரத்தனம்.

அதே தஞ்சாவூரில் பின்னால் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜியையே தலைவனாக்கி 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' பாடினார். அது பெரிய கோயிலில் ஆடப்பட்டது. ஒரே ஊரில், ஒரே தலைமுறைக்குள், ஒரே வடிவம் அரசனுக்கும் ஆண்டவருக்கும் பொருந்தியது.

ஏற்றப்பாட்டில் வேறொரு கணக்கு. ஏற்றத்தின்மேல் ஏறி மிதிப்பவர் ஓரடி பாட, கீழே சால் பிடிப்பவர் மறு அடி பாடுவார். எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளேயே ஓடும். எண்ணி எண்ணி முன்னேறும் அந்த நடையில் வேதாகம வரலாற்றை ஏற்றிவிட்டால் வரிசை தப்பாது. எழுதப் படிக்கத் தெரியாத சபைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எது?

மேடை வடிவங்களைவிட அதிகம் பிழைத்தவை கீர்த்தனைகள். பெங்களூரில் கண்டோன்மெண்ட் 1809 இல் வந்தபோது, சென்னை ராணுவத்தோடு சிப்பாய்களும் சமையற்காரர்களும் வியாபாரிகளும் தமிழ்ச் சீமையிலிருந்து வந்து குடியேறினார்கள். அவர்கள் வழி வந்த சபைகளில் இன்றும் ஞாயிறு ஆராதனையில் இரண்டு இசை மாறி மாறிக் கேட்கும். பாமாலை என்றால் ஐரோப்பிய மெட்டு, ஆர்கன், நான்கு குரல். கீர்த்தனை என்றால் ராகம், தாளம். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைமாட்டிலும் தோடி, ஆதி என்றோ ஆனந்தபைரவி, சாபு என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். ஸ்வரக்குறிப்பு கிடையாது. ராகப் பெயரை நம்பித்தான் பாட்டைச் சபையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

சாஸ்திரியார் மரபில் வந்த பாட்டில் கவனிக்க வேண்டியது பல்லவிக்குத் திரும்பும் இடம். சரணத்தின் கடைசிச் சீரை வாக்கியம் முடியாமல் நிறுத்திவிடுவார்கள். பல்லவியைச் சேர்த்தால்தான் பொருள் முடியும். முதல் சரணத்தில் கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிப் பாடிப் பல்லவிக்கு வந்தால் அது வியப்பாக ஒலிக்கும். பாடுகளைப் பாடிவிட்டு அதே பல்லவிக்கு வரும்போது கெஞ்சலாக ஒலிக்கும். சொல்லும் மெட்டும் ஒன்றுதான். வந்த வழி மாறியதால் ரசம் மாறுகிறது. நான்காவது சரணத்துக்குள் பல்லவியைச் சபை முழுக்கப் பார்க்காமலே பாடிக்கொண்டிருக்கும். புத்தகம் இல்லாதவரும் அதற்குள் பாடகராகிவிடுவார்.

ராகம் என்ன பாடுபடுகிறது என்பது வேறு கதை. சங்கராபரணமும் செஞ்சுருட்டியும் எந்தக் கீபோர்டுக்கும் இணங்கிவிடும். சங்கராபரணத்துக்குப் பாடகர் குழு ஆல்ட்டோ, டெனர் சேர்த்தாலும் பழுதில்லை, சில வேளை அழகாகக்கூட இருக்கும். தோடி அப்படியல்ல. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டிருப்பதுதான் அதன் உயிர். கீபோர்டில் கறுப்புக் கட்டையை அழுத்தியதும் அந்த ஆட்டம் நின்றுபோகிறது, தோடியும் போய்விடுகிறது. ஆனால் முன் வரிசையில் வயதான அம்மா யாராவது இருந்தால் பாருங்கள். கீபோர்டு தட்டையாகப் போய்க்கொண்டிருக்க, அவர் குரல் மட்டும் காந்தாரத்தில் ஓர் அசைவு கொடுத்து மேலேறும். பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்ட பாடம். கமகம் இன்னமும் அங்கேதான் குடியிருக்கிறது. தோடிக் கீர்த்தனைகளுக்காவது கீபோர்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்பது என் கட்சி.

சாஸ்திரியார் காலத்திலேயே இந்த இசைக்கு இடைஞ்சல் வந்தது. 1820களில் தஞ்சாவூருக்கு வந்த புதிய ஆங்கில மிஷன் பாதிரிமார்கள், பழைய ஜெர்மன் பாதிரிமார் விட்டுவைத்த பலவற்றைக் களைய முற்பட்டார்கள். விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். பண்டிகைகளில் பூ அலங்காரத்தையும் தமிழ்ப் பாட்டையும் விலக்கினார்கள். சபையில் சாதி வேறுபாடு கூடாது என்றார்கள். சாஸ்திரியார் எல்லாவற்றையும் சேர்த்தே எதிர்த்தார். மிஷன் வேலையையும் இழந்தார். பாட்டுக்காக அவர் போராடியது நியாயம். சாதிக்காக வாதாடி எழுதியது நியாயமில்லை. ஏற்றக்காரனின் மெட்டை ஆராதனைக்குள் கொண்டுவந்தவர், அந்த ஏற்றக்காரன் சரிசமமாகப் பக்கத்தில் உட்காரும் ஏற்பாட்டுக்கு இணங்கவில்லை. அவரைப் பாராட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது வழக்கம். சொல்லிவிட்டே பாராட்டலாம், பாட்டு தாங்கும்.

விலக்கப்பட்ட பாட்டைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தவரும் ஒரு மிஷனரிதான். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், முதியவராகிவிட்ட சாஸ்திரியாரின் பாட்டுகளைக் கேட்டுத் தெளிந்து, 1853 இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். அடுத்தடுத்து வந்த கீர்த்தனைப் புத்தகங்களுக்கு அது வழிபோட்டது. தஞ்சாவூரில் சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் சுவிசேடக் கவிராயர் என்ற பட்டத்தோடு தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள்.

பெங்களூரில் செய்ய வேண்டியது சில உண்டு. பெத்லகேம் குறவஞ்சியின் வடிவமே ஆடுவதற்கானது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு மாலை அதை ஜதியும் தருவுமாக மேடையேற்ற இந்த ஊரில் நாட்டியக்காரர்களுக்கும் சபைகளுக்கும் பஞ்சமில்லை. மில்லர்ஸ் ரோட்டுப் படிகளைச் சங்கீதம் தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். சபையில் பாட்டு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கீர்த்தனை எண்ணை அறிவிக்கும்போது ராகத்தையும் எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடுதலாக ஆகப்போவது ஐந்து விநாடி.